தலையிடும் தருணம்: திறமூல மென்பொருள் திட்டங்களும் ஆட்சிக்குழுவின் பொறுப்பும்



மொழி வளர்ச்சிக்கென அமைந்த ஓர் அவையில் மென்பொருள் திட்டங்களின் பூசல்களைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவில் இருந்தவர்களே. பள்ளித் தமிழ்மன்றம், ஆலய நிர்வாகம், ஆசிரியர் சங்கம், கலைச்சொல்லாக்கக் குழு என எங்கும் இருவர் முரண்படுகின்றனர், விவாதம் நீள்கிறது, பிறகு எல்லாரும் செயற்குழுவின் முகத்தைப் பார்க்கின்றனர். "நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். குழு வாய் திறந்ததும், "இதில் உங்களுக்கு என்ன வேலை?" என்று மறு சாரார் கேட்கின்றனர். இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. எப்போது முதல் கேள்விக்குச் செவிசாய்ப்பது, எப்போது இரண்டாம் கேள்விக்கு அடங்குவது என்பதே இன்றைய உரையின் பொருள்.

இதனை ஆராய்வதற்குத் திறமூல மென்பொருள் உலகத்தை நாம் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெரும்பாலான அமைப்புகளில் பூசல்கள் மூடிய அறைக்குள் நடந்து, மூடிய அறைக்குள்ளேயே புதைந்துவிடுகின்றன. திறமூலத் திட்டங்களில் விவாதம், வாக்கு, தீர்ப்பு, பதவி விலகல் ஆகிய அனைத்தும் பொதுவில் பதிவாகின்றன. ஆகவே, ஒரு குழு தலையிட்டதால் என்ன நேர்ந்தது, தலையிடாததால் என்ன நேர்ந்தது என்பதைப் பாடநூலைப் படிப்பதுபோல் நாம் படிக்க முடிகிறது.

கட்டளைக்கு அடங்காத உழைப்பு

திறமூல மென்பொருள் என்பது, அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருக்கும் மென்பொருள். எவரும் அதனைப் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். நம் கைப்பேசிகளில் இயங்கும் ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கருவும் இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கும் வழங்கிகளின் மென்பொருளும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இத்திட்டங்களுக்கு இரண்டு இயல்புகள் உண்டு. முதலாவது, உழைப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். சிலருக்கு அவர்தம் நிறுவனம் ஊதியம் வழங்கலாம். ஆனால் திட்டத்தின் ஆட்சிக்குழு அவர்களுக்கு முதலாளி அன்று. இரண்டாவது, உரிமம் திறந்திருப்பதால் மனம் ஒப்பாதவர் நிரலின் ஒரு படியை எடுத்துக்கொண்டு தனிவழி செல்லலாம். "அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி இங்கே செல்லாது. அடித்தால் மாடு படியாது. தொழுவத்தை விட்டே போய்விடும்.

1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் இவ்வுண்மையைத் தன் சாசனத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினரைக் கொண்ட அத்திட்டம் 1998 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட அமைப்பு விதிகள், திட்டத்திற்காக வேலை செய்யும் கடமையை எவர்மீதும் சுமத்துவதில்லை. ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்ய விரும்பாதவர் செய்யாமல் இருக்கலாம். ஆனால், முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராகச் செயல்படக் கூடாது. இவ்வளவுதான் அங்கே ஆட்சியின் எல்லை.

இதன் பொருளை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஆட்சிக்குழு "இதனைச் செய்யாதே" என்று தடுக்கலாம். "இதனைச் செய்" என்று ஒருவரையும் பணிக்க இயலாது. எனவே அதன் ஒவ்வொரு தலையீடும் உறுப்பினர்களின் நல்லெண்ணத்திலிருந்து எடுக்கும் ஒரு செலவு. தேவையான இடத்தில் செலவழிக்க வேண்டுமாயின், தேவையற்ற இடத்தில் சேமித்திருக்க வேண்டும்.

இறுதிப் புகலிடம் என்னும் விதி

டெபியனில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளரோ ஒரு பராமரிப்புக் குழுவோ உண்டு. தம் பொதிக்குள் முடிவு செய்யும் உரிமை அவர்களுடையது. இவர்களுக்கிடையே தீராத பூசல் எழுந்தால் தொழில்நுட்பக் குழுவிடம் செல்லலாம். அதிகப்படியாக எட்டு உறுப்பினர் கொண்ட அக்குழுவிற்குப் பெரிய அதிகாரமும் உண்டு. அவ்வதிகாரத்திற்குக் கடிவாளமும் உண்டு.

அக்கடிவாளங்களில் மூன்று நம் கவனத்திற்குரியவை. முதலாவது, ஒத்த கருத்தை எட்டும் முயற்சிகள் நடந்து தோற்ற பின்னரே குழு முடிவு செய்யலாம்; முடிவெடுக்கும் பொறுப்புடையவரே வந்து கேட்டால் மட்டும் இதற்கு விலக்கு. இரண்டாவது, குழு தானே புதிய தீர்வுகளை வடிவமைக்கக் கூடாது. பிறர் முன்வைத்து, போதிய அளவு விவாதிக்கப்பட்ட தீர்வுகளுள் ஒன்றைத் தெரிவு செய்யலாம், அல்லது அவற்றுக்கிடையே இணக்கம் காணலாம். மூன்றாவது, ஒரு பராமரிப்பாளரின் முடிவை மாற்றி எழுத எளிய பெரும்பான்மை போதாது. மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும்.

இரண்டாம் விதி சிலருக்கு வியப்பளிக்கலாம். அறிவும் அனுபவமும் மிக்க எட்டுப் பேர் கூடியிருக்கும்போது அவர்களே ஒரு நல்ல தீர்வை வடித்தால் என்ன? தடை இதுதான்: நடுவராக இருப்பவர் ஒரு தீர்வை ஈன்றெடுத்தால் அத்தீர்வுக்குத் தாயாகிவிடுகிறார். பின்னர் அவர் நடுவரல்லர்; வழக்கில் மூன்றாம் தரப்பு. பட்டிமன்றத்தில் நடுவர் இரண்டு அணிக்கும் வாதம் எடுத்துக்கொடுக்கத் தொடங்கினால் அவை என்னாகும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஒரு பெயருக்கு இருவர்

இவ்விதிகள் நடைமுறையில் எவ்வாறு இயங்கின என்பதற்கு ஒரு சிறு வழக்கைப் பார்ப்போம். டெபியனில் வானொலி ஆர்வலர்கள் பயன்படுத்தும் "நோட்" என்னும் நிரல் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. பின்னர் "நோட்.ஜேஎஸ்" என்னும் புதிய மென்பொருள் உலகெங்கும் பரவியது. அதனை இயக்கும் கட்டளையின் பெயரும் "நோட்" என்பதே. வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிரல்கள் ஒரே பெயரைத் தாங்கக் கூடாது என்பது டெபியனின் கொள்கை. இருதரப்பும் பேசி, ஒருவர் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். உடன்பாடு எட்டவில்லையெனில் இருவருமே பெயரை மாற்ற வேண்டும்.

பழையவர் சொன்னார்: முன்பே வந்தவர்கள் நாங்கள், எங்கள் பயனர்களின் கருவிகள் மனித நடமாட்டமற்ற இடங்களில் இயங்குகின்றன, பெயர் மாறினால் அவை நின்றுபோகும். புதியவர் சொன்னார்: உலகமே இப்பெயரை எங்களுடையது என்று அறிந்திருக்கிறது, பெயரை மாற்றினால் எழுதிவைத்த எண்ணற்ற நிரல்கள் டெபியனில் மட்டும் இயங்கா. இரண்டும் உண்மை. பேச்சு நீண்டது, முடிவு வரவில்லை. இறுதியில் வழக்குத் தொழில்நுட்பக் குழுவிடம் வந்தது. 2012-இல் குழு, இரு பொதிகளும் தத்தம் கட்டளையின் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என முடிவு செய்தது. நோட்.ஜேஎஸ் பயனர்களில் பழைய பெயரை விரும்புவோர் தனியே நிறுவிக்கொள்ள ஒரு சிறு இணைப்புப் பொதிக்கு வழி செய்யப்பட்டது.

இந்தத் தலையீட்டை நாம் முறையானது என்கிறோம். ஏனெனில், இருவரின் எல்லைகளும் இங்கே மோதுகின்றன. எவரேனும் ஒருவர் தம் எல்லைக்குள் நின்று இதனைத் தீர்க்க முடியாது. பேச்சு நடந்து ஓய்ந்திருந்தது. விதியோ பூசலுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. குழு அதனைப் பெரும்பாலும் அப்படியே செயல்படுத்தியது. தோற்றவர் எவரும் இல்லை என்று கூற முடியாது. ஆனால், வேண்டியவர் வேண்டாதவர் பார்த்துத் தீர்ப்புக் கூறினர் என்றும் எவராலும் கூற முடியாது.

ஒரே ஒரு வாக்கு

அடுத்த வழக்கு பெரியது. கணினியை இயக்கியவுடன் முதலில் விழித்தெழுந்து மற்ற அனைத்தையும் எழுப்பும் நிரலைத் தொடக்க முறைமை என்பர். டெபியன் நெடுங்காலமாகப் பயன்படுத்திய பழைய முறைமைக்குப் பதிலாகச் "சிஸ்டம்டி" வேண்டும் என்றனர் ஒரு சாரார். "அப்ஸ்டார்ட்" வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். பழையதே போதும் என்றோரும் இருந்தனர். இது வெறும் நிரல் தேர்வாக நிற்கவில்லை. ஒரு மென்பொருள் எவ்வளவு பணிகளைத் தன்னுள் இழுத்துக்கொள்ளலாம், பழைய யூனிக்ஸ் மரபு காக்கப்பட வேண்டுமா என்பன போன்ற அடிப்படை நம்பிக்கைகளின் மோதலாயிற்று.

2013 அக்டோபரில் இவ்வினா தொழில்நுட்பக் குழுவின் முன் முறைப்படி வைக்கப்பட்டது. மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. உறுப்பினர் எண்மரும் நான்கு நான்காகப் பிரிந்து நின்றனர். 2014 பிப்ரவரியில், குழுத்தலைவர் பிடேல் கார்பி தம் தீர்மான வாக்கைச் செலுத்தினார். அடுத்த வெளியீட்டின் இயல்பு முறைமையாகச் சிஸ்டம்டி அமைந்தது. அம்முடிவிலேயே ஒரு கதவும் திறந்து வைக்கப்பட்டது: உறுப்பினர் அனைவரும் வாக்களிக்கும் பொதுத்தீர்மானம் ஒன்று வேறு முடிவு எடுத்தால் அதுவே நிலைக்கும்.

பூசல் அத்துடன் ஓயவில்லை. மற்ற பொதிகள் சிஸ்டம்டியை மட்டுமே சார்ந்து இயங்கலாமா என்னும் வினா அதே ஆண்டு இறுதியில் பொதுத்தீர்மானமாக வந்தது. நவம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்து வழங்கிய விடை, இதற்கு ஒரு பொதுத்தீர்மானமே தேவையில்லை என்பது. அதே மாதத்தில் தொழில்நுட்பக் குழுவின் உறுப்பினர் மூவர் பதவி விலகினர். நெடுங்காலம் உழைத்த பங்களிப்பாளர் ஒருவர் திட்டத்தை விட்டே சென்றார். சிஸ்டம்டி பராமரிப்புக் குழுவிலிருந்தும் ஒருவர் விலகினார். சிஸ்டம்டியை ஏற்காத சிலர் "தேவுவான்" என்னும் தனித் திட்டத்தைத் தொடங்கினர். டிசம்பரில், தொழில்நுட்பக் குழு உறுப்பினரின் பதவிக்காலத்திற்கு வரம்பு விதிக்கும் தீர்மானத்தை டெபியன் நிறைவேற்றியது.

இங்கே குழு தலையிட்டிருக்கக் கூடாதா? நாம் அவ்வாறு கருதவில்லை. புதிதாக நிறுவுவோர்க்கு இயல்பாகக் கிடைக்கும் முறைமை ஒன்றாகத்தான் இருக்க முடியும். வெளியீட்டிற்குக் காலக்கெடு இருந்தது. முடிவு செய்யாமல் இருப்பதும் பழையதற்கே வாக்களிப்பதற்கு ஒப்பாகும். எனவே தலையீடு தேவைப்பட்டது. ஆயினும், முறையான முடிவு வேறு, மனம் ஒப்பிய முடிவு வேறு என்பதை அந்த ஆண்டு காட்டியது. ஒரே ஒரு வாக்கால் வென்ற முடிவு சட்டப்படி செல்லும். ஆனால் தோற்ற பாதியினர், "நாங்கள் தவறு என்று நிறுவப்படவில்லையே" என்னும் எண்ணத்துடனேயே வீடு திரும்புவர்.

நவம்பர் வாக்கில் இன்னும் நுட்பமான ஒரு பாடம் இருக்கிறது. "இதற்குத் தீர்மானம் தேவையில்லை" என்னும் விடை அக்கறையின்மையன்று. பொதிகளைப் பராமரிப்போர் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்ளும் வழக்கமான நடைமுறையே போதும், மேலிருந்து மேலும் ஓர் ஆணை வேண்டாம் என்பதே அதன் பொருள். சில வேளைகளில் உறுப்பினர்கள் தம் ஆட்சியாளரிடம் வேண்டுவது தீர்ப்பன்று. தீர்ப்பு வழங்காமல் இருக்கும் நிதானம்.

ஒருவர் தோளில் எல்லாச் சுமையும்

குழுவே வேண்டாம், அறிவார்ந்த ஒருவர் இறுதிச் சொல் சொல்லட்டும் என்று கருதுவோரும் உண்டு. பள்ளிகளில் நம் மாணவர்கள் கற்கும் பைத்தான் நிரல்மொழி அவ்வாறுதான் வளர்ந்தது. அதனைப் படைத்த கைடோ வான் ராசம் பல்லாண்டுகள் இறுதி முடிவாளராக விளங்கினார். 2018-இல், மொழியில் ஒரு புதிய குறியைச் சேர்க்கலாமா என்னும் முன்மொழிவு வந்தது. அதன் வடிவம் வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் கண்களும் தந்தங்களும் போன்றிருப்பதால் "வால்ரஸ் குறி" எனப் பின்னர் பெயர் பெற்றது. விவாதம் கடுமையாயிற்று. வான் ராசம் முன்மொழிவை ஏற்றார். அடுத்து ஜூலை 12 அன்று முடிவாளர் பொறுப்பிலிருந்தே விலகினார். தமக்குப் பின் ஆட்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதை அவர் வகுத்துக் கொடுக்கவில்லை. பங்களிப்பாளர்களே முடிவு செய்யட்டும் என விட்டுவிட்டார்.

பங்களிப்பாளர்கள் ஏழு ஆட்சிமுறைகளை எழுதி ஒப்பிட்டு, டிசம்பரில் வாக்களித்து, ஐவர் கொண்ட வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தனர். 2019 பிப்ரவரியில் முதற்குழு அமைந்தது. அதில் வான் ராசமும் ஓர் உறுப்பினராக வந்தமர்ந்தார். அக்குழுவின் விதிகளில் ஓர் அறிவுரை பொதிந்துள்ளது: அதிகாரம் பரந்ததாயினும் அதனை இயன்றவரை குறைவாகப் பயன்படுத்துக, வாக்கெடுப்பதைவிட ஒத்த கருத்தை நாடுக, தனித்தனி முன்மொழிவுக்குத் தீர்ப்பளிப்பதைவிடத் தீர்ப்பளிக்கும் முறையை வகுத்திடுக. ஒரே நிறுவனத்தின் ஊழியர் இருவருக்கு மேல் அக்குழுவில் இருக்கக் கூடாது என்பதும் விதி. நடுவர்மீது ஐயம் எழுந்த பிறகு நேர்மையை நிறுவுவது கடினம். ஐயத்திற்கு இடமில்லாதவாறு அமைப்பை முன்னரே கட்டுவது எளிது.

காத்திருக்கக் கூடாத இடம்

இதுவரை பொறுமையைப் போற்றினோம். இனி அதன் மறுபக்கத்தையும் கூற வேண்டும். "இறுதிப் புகலிடம்" என்னும் விதி கருத்து வேறுபாட்டிற்கு உரியது. மனிதர்க்கு இழைக்கப்படும் தீங்கிற்கு உரியதன்று. ஒரு நிரல் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என இருவர் ஆறு மாதம் வாதிட்டால் திட்டத்திற்கு இழப்பு காலம் மட்டுமே. ஒருவர் மற்றொருவரை ஆறு மாதம் இழிவுபடுத்தினால் திட்டம் அந்த மனிதரை இழக்கும். பார்த்துக்கொண்டிருந்த வேறு பலரையும் ஓசையின்றி இழக்கும். அவர்கள் விலகல் கடிதம் எழுதுவதில்லை. ஒருநாள் வராமல் போகின்றனர்.

லினக்ஸ் கருவின் தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பரில் தம் கடுஞ்சொற்களுக்கு மன்னிப்புக் கோரி, சில வாரங்கள் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். அதே வேளையில் அத்திட்டம் புதிய நடத்தை விதிகளை ஏற்றது. தொழில்நுட்பத்தில் ஒருவர் சரியாக இருப்பது, அவர் பேசும் முறைக்கு உரிமமாகாது என்பதை உலகின் மிகப் பெரிய திறமூலத் திட்டங்களுள் ஒன்று எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது.

தலையிட எவருமே இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டு ஓர் எச்சரிக்கை தந்தது. "எக்ஸ்இசட்" என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு கருவி. எண்ணற்ற கணினிகளில் அது இருக்கிறது. அதனை ஒரு தன்னார்வலர் ஏறத்தாழத் தனியாகவே பராமரித்து வந்தார். அவர் மெதுவாகச் செயல்படுகிறார், பொறுப்பைப் பிறரிடம் தர வேண்டும் என்று முன்பின் அறியாத சிலர் 2022-இல் அவரைப் பொதுவில் நெருக்கினர். தம் மனநலம் குன்றியிருப்பதை அவர் சொன்ன பின்னரும் நெருக்கம் தொடர்ந்தது. உதவுவதுபோல் வந்த ஒருவர் படிப்படியாக நம்பிக்கை பெற்று இணைப்பராமரிப்பாளரானார். 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்த இரண்டு வெளியீடுகளில் கள்ளக் கதவு ஒன்று மறைத்து வைக்கப்பட்டது. தொலைவழி நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் அதனைக் கண்டறிந்து மார்ச் 29 அன்று உலகிற்கு அறிவித்தார். பேரழிவு மயிரிழையில் தவிர்க்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நிரலின் குறை இரண்டாவது. ஒரு மனிதர் தனியே நெருக்கப்பட்டபோது, "போதும், அவரை விடுங்கள், உங்கள் குறையை எங்களிடம் கூறுங்கள்" என்று சொல்ல ஓர் அமைப்பு இல்லாமல் போனதே முதற்குறை. அத்தகைய குழு இருந்திருந்தால் சதி நிச்சயம் முறிந்திருக்கும் என்று நாம் கூறவில்லை. ஆனால், களைத்த ஒருவரின் தனிமையே அங்கே வாயிலாயிற்று என்பதை மறுக்க முடியாது.

பிரிவும் ஒரு தீர்வே

"எல்லாப் பிரிவையும் தடுப்பதே குழுவின் கடமையன்றோ?" என்று கேட்கலாம். அன்று. 1997-இல் ஜிசிசி என்னும் நிரல்மாற்றியின் வளர்ச்சி மெதுவாக நடக்கிறது என்று கருதிய சிலர், அதன் படியை எடுத்து "ஈஜிசிஎஸ்" என்னும் தனித் திட்டமாக வளர்த்தனர். இரண்டு ஆண்டுகளில் எது சிறந்த வழி என்பது செயலில் தெரிந்துவிட்டது. 1999 ஏப்ரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, பிரிந்து சென்ற திட்டத்தையே அதிகாரப்பூர்வ ஜிசிசியாக ஏற்றுக்கொண்டது. எந்தக் குழுவும் வாதத்தால் தீர்க்க இயலாததை, பிரிந்து செய்து காட்டிய உழைப்பு தீர்த்தது.

இதிலிருந்து ஓர் உரைகல் கிடைக்கிறது. இரண்டு வழியும் ஒரே வேளையில் வாழ முடியுமானால், குழு பொறுத்திருக்கலாம். ஒன்றே இருக்க முடியுமானால், ஒருநாள் குழு முடிவு செய்தே ஆக வேண்டும்.

தமிழர்க்கு இது புதிய அனுபவமன்று. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று கூட்டிய தமிழிணைய மாநாட்டிலும், 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டிலும் அறிஞர்கள் தீர்வு தேடிய சிக்கல்கள் இரண்டு: விசைப்பலகை, எழுத்துக் குறியாக்கம். தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தது. ஆயினும் தட்டச்சு முறையிலும் ஒலிபெயர்ப்பு முறையிலும் தட்டச்சிடுவோர் இன்றும் இருக்கின்றனர். அதனால் எவர்க்கும் கேடில்லை. குறியாக்கம் அத்தகையதன்று. ஒருவர் ஒரு குறியாக்கத்தில் எழுதியது மற்றொருவர் திரையில் புரியாத கிறுக்கலாகத் தோன்றிய காலத்தை இங்குள்ள ஆசிரியர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே பன்மை சுதந்திரமாக இல்லை, சுவராக நின்றது. ஒருங்குறி என்னும் பொதுத்தரம் நிலைபெற்ற பின்னரே அச்சுவர் இடிந்தது. ஒரே துறையில், ஒரே காலத்தில் எழுந்த இரண்டு சிக்கல்கள். ஒன்றில் விட்டுவைத்தது நன்மை, மற்றொன்றில் முடிவு கட்டியது நன்மை.

குழு தன்னையே கேட்க வேண்டியவை

இவற்றைத் தொகுத்து, ஒரு பூசல் வாயிலுக்கு வரும்போது ஆட்சிக்குழு தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்களை வரிசைப்படுத்துவோம்.

முதலில், எவரேனும் தீங்குக்கு ஆளாகின்றனரா? ஆம் எனில் அன்றே தலையிடுக. கருத்து வேறுபாட்டின் தீர்ப்பு பிறகு வரட்டும். மனிதரைக் காப்பது முதலில். பயனர்களின் பாதுகாப்பிற்கு ஊறு நேருமாயினும் இதுவே விதி.

அடுத்து, முடிவு செய்யும் உரிமை யாருடையது? ஒருவருடைய எல்லைக்குள் அடங்கிய செய்தியாயின், குழு அறிவுரை கூறலாம். ஆணையிடத் தயங்க வேண்டும். இருவரின் எல்லைகள் மோதுமாயின், அல்லது உரிமையுடையவரே வந்து கேட்பாராயின், குழு வரலாம்.

பிறகு, இரண்டு வழியும் உடன்வாழ முடியுமா? காலக்கெடு உண்டா? பேச்சு உண்மையிலேயே நடந்து ஓய்ந்ததா, அல்லது ஒருசாரார் பேச்சைத் தவிர்க்கும் குறுக்குவழியாகக் குழுவைத் தேடுகின்றனரா? விவாதத்தின் இரைச்சலை அதன் முதிர்ச்சி என்று கொள்ளக் கூடாது. உரத்த பூசல் பல நாளில் தானே அடங்கும். ஓசையற்ற பூசலே சில வேளைகளில் வேரை அரிக்கும்.

இறுதியாக, முடிவு செய்வதாயின் எவ்வளவு குறைவாக முடிவு செய்யலாம்? கேட்ட வினாவுக்கு மட்டும் விடை கூறுதல், காரணத்தை எழுத்தில் தருதல், தோற்றவர் மேல்முறையிடும் வழியைத் திறந்து வைத்தல், தமக்கு நலன் உள்ள வழக்கில் உறுப்பினர் ஒதுங்கி நிற்றல் ஆகிய நான்கும் இருந்தால், தோற்றவரும் மறுநாள் வேலைக்கு வருவார். தன்னார்வலர் திட்டத்தில் தீர்ப்பின் தரத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

ஒரு மறுப்பையும் நாம் எதிர்கொள்ள வேண்டும். இத்தனை வினாக்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் குழு, கோழைத்தனத்திற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிக்கொள்ளாதா? சூட்டிக்கொள்ளலாம், அந்த ஆபத்து உண்மையானது. அதற்கு மாற்று ஒன்றே: தலையிடாமல் இருப்பதையும் ஒரு முடிவாகவே கருதி, அதற்கும் காரணம் கூறும் பழக்கம். "உங்கள் முறையீட்டைப் படித்தோம், இன்ன காரணத்தால் இப்போது தலையிடவில்லை, இன்ன நிலை வந்தால் தலையிடுவோம்" என்று எழுதும் குழு கோழையன்று. விடையே அளிக்காத குழுதான் கோழை.

நிறைவாக

தேர்த்திருவிழாவை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். ஊர் கூடி வடம் பிடிக்கிறது. சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையுடன் சிலர் நடந்து வருகின்றனர். அவர்கள் தேரை இழுப்பதில்லை. நேர்வீதியில் அவர்களுக்கு வேலையும் இல்லை. தெருமுனையிலும் சரிவிலும் மட்டும், சரியான நொடியில் கட்டையைச் சக்கரத்தின் அடியில் இடுகின்றனர். தேர் நிற்கிறது, அல்லது திரும்புகிறது. நேர்வீதியில் கட்டையிட்டால் இழுப்பவர் சினம் கொள்வர்; சரிவில் இட மறந்தால் தேர் மக்கள்மீது ஏறும். பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்றே பொருள் கொள்கிறோம். அதனை இடும் கைகளுக்கு அதன் உண்மையான பயன் தெரியும்.

மாணவர்களே, நாளை நீங்களும் ஏதேனும் ஒரு குழுவில் அமர்வீர்கள். மென்பொருள் திட்டமாகவும் இருக்கலாம், தமிழ்மன்றமாகவும் இருக்கலாம். அன்று இரு தரப்பும் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, எவர் சரி என்று தேடுவதற்கு முன், இது நேர்வீதியா, சரிவா என்று பாருங்கள்.